பிள்ளையைக் குறை சொல்லும் முன் பிள்ளை இருக்கும் இடத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பள்ளிக்கூடமும் அங்கன்வாடியும் திறந்து இரண்டு மூன்று வாரம் ஆனதும் நெல்லைச் சீமையில் ஊருக்கு ஊர் ஒரே புகார் கிளம்பும். "ஓரிடத்துல இருக்க மாட்டேங்கான்", "கூப்பிட்டாத் திரும்பிப் பார்க்க மாட்டேங்கா", "தொட்டதுக்கெல்லாம் அழுகை". மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளைப் பற்றிய புகார் இது. அடுத்து அதட்டல் வரும். சில வீடுகளில் அடி வரும். சில வீடுகளில் மூன்றரை வயதுக்கு டியூஷன் வரும். குழந்தை வளர்ச்சி, செவிலியம், முன்பருவக் கல்வி ஆகிய வேலைகளில் இருக்கும் நாங்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். பிள்ளையின் கவனமும், பதற்றத்தை அடக்கிக்கொள்ளும் திறனும் முதல் ஐந்தாண்டுகளில் பிறவிக் குணத்தோடு அது வாழும் இடத்தையும் பொறுத்தே உருவாகின்றன. ஆகவே முதலில் சரிசெய்ய வேண்டியது அந்த இடம். எங்கே என்ன செய்யலாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல உங்கள் பக்கத்தில் இடம் கேட்கிறோம்.

பயமோ அதிர்ச்சியோ வந்தால் மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்டும். அது சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளைத் தூண்டும். கார்ட்டிசால் என்னும் அழுத்தச் சுரப்பு ரத்தத்தில் ஏறும். கார்ட்டிசால் கெட்ட பொருள் இல்லை. காலையில் எழுந்து நடமாடவே அது வேண்டும். கண் விழித்த சற்று நேரத்தில் உச்சத்துக்குப் போய், பொழுது சாயச் சாய இறங்கி, நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வருவது அதன் இயல்பு. ஏறியது இறங்காமல் நிற்கும்போதுதான் கேடு. பெரியவர்களுக்கு அதை இறக்கிவிட நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி துணை செய்கிறது. அந்தப் பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டும். கைக்குழந்தைக்கு அது இருந்தும் இல்லாத மாதிரிதான். அதனால் முதல் சில வருடங்கள் பிள்ளை தன் பதற்றத்தை இறக்கிக்கொள்வது தன்னைத் தூக்கும் ஆளை வைத்து: அவர் குரல், அவர் மூச்சு, அவர் தோளின் சூடு. திரும்பத் திரும்ப அப்படி இறக்கிவிடப்பட்ட பிள்ளை, போகப் போகத் தானே இறங்கக் கற்றுக்கொள்கிறது.

ஒரு பொருளின்மேல் கண்ணை நிறுத்துவது, சொன்னதை மனதில் பிடித்து வைப்பது, நீளும் கையைத் தடுத்துக்கொள்வது எல்லாம் அதே நெற்றிப் பகுதியின் வேலைகள். பதற்றம் அளவு மீறினால் முதலில் தடுமாறுவதும் அதுவே. அப்போது பிள்ளையின் மூளை சுற்றுப்புறத்தைக் காவல் காக்கத் தொடங்கும். கதவு திறக்கிறதா, யார் குரல் உயர்கிறது, யார் எழுந்து வருகிறார்? டீச்சர் கண்ணுக்கு அது கவனமின்மை. அந்தப் பிள்ளையோ மிகக் கடுமையாகக் கவனித்துக்கொண்டிருக்கிறது. டீச்சர் காட்டும் படத்தைத்தான் கவனிக்கவில்லை.

கனடாவின் மான்ட்ரியல் நகரில் மைக்கேல் மீனியின் ஆய்வுக்குழு 1997-இல் வெளியிட்ட ஆய்வில், தாய் அதிகம் நக்கிச் சீராட்டிய எலிக்குட்டிகள் வளர்ந்த பிறகு அதிர்ச்சிக்கு ஆளானபோது அழுத்தச் சுரப்பைக் குறைவாகவே காட்டின. 2004-இல் அதே குழு, அந்தச் சீராட்டல் குட்டியின் மூளையில் அழுத்தச் சுரப்பை உணரும் ஒரு மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதையே மாற்றுகிறது என்று காட்டியது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்கு நீட்டக் கூடாது என்பது சரி. ஆனால் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் நடந்தது பிள்ளைகளிடமே. காப்பகங்களில் கிடந்த 136 குழந்தைகளில் பாதிப்பேர் சீட்டுக் குலுக்கும் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பன்னிரண்டு வயதை ஒட்டிச் சோதித்தபோது, காப்பகத்திலேயே விடப்பட்டவர்களின் அழுத்த எதிர்வினை மழுங்கிப்போயிருந்தது; ஏற வேண்டிய நேரத்திலும் கார்ட்டிசால் சரியாக ஏறவில்லை. இரண்டு வயதுக்கு முன் குடும்பத்துக்குப் போனவர்களின் எதிர்வினை, பிறந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுடையதை ஒத்திருந்தது. கவனக் கோளாறு மட்டும் அவ்வளவு எளிதில் விலகவில்லை. தாமதிக்கக் கூடாது என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மழுங்கிய எதிர்வினை என்பதை நம் ஊரில் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். சத்தமே போடாமல், விழுந்தாலும் அழாமல், யார் தூக்கினாலும் போகும் பிள்ளையைத் "தங்கமான பிள்ளை" என்கிறோம். சில பிள்ளைகளுக்கு அது பிறவிச் சாது குணம். சில பிள்ளைகளுக்கோ, அழுதும் ஆள் வராது என்று ஆகிப்போன நிலை. முழங்காலில் சிராய்த்துக்கொண்டால் அந்தப் பிள்ளை பழகிய முகம் ஒன்றைத் தேடுகிறதா, தேடி வந்து ஒட்டுகிறதா என்று பாருங்கள். தேடவே இல்லையென்றால், துறுதுறுவென்று ஓடும் பிள்ளையைவிட இந்தப் பிள்ளைக்கே முதலில் ஆள் வேண்டும்.

பிள்ளையின் பதற்றத்தை எப்படி இறக்குவது என்று பழக, புதன்கிழமைத் தடுப்பூசி நாளைவிட நல்ல இடம் கிடையாது. ஊசிக்குச் சற்று முன்பே தாய்ப்பால் கொடுக்கத் தொடங்குங்கள். பிள்ளை நன்றாக உறிஞ்ச ஆரம்பித்த பிறகே ஊசி போடச் சொல்லுங்கள். போட்டு முடிந்தும் நிறுத்த வேண்டாம். தடுப்பூசி வலியைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2015-இலேயே சொன்ன வழி இது. பால் மறந்த பிள்ளையைப் பெஞ்சில் படுக்கவைத்து நாலு பேர் அமுக்க வேண்டாம். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, மார்போடு அணைத்து, ஊசி போடும் கையையோ தொடையையோ மட்டும் நிலையாகப் பிடித்தால் போதும். "ஊசி போட மாட்டாங்க" என்று பொய் சொன்னால் அடுத்த முறை பஸ் ஏறும்போதே அழுகை தொடங்கும். வருடம் முழுக்க "சாப்பிடலைன்னா நர்ஸம்மா ஊசி போட்டுருவாங்க" என்று மிரட்டிவிட்டு அன்றைக்கு மட்டும் தைரியம் சொன்னால் எந்தப் பிள்ளை நம்பும்? பூச்சாண்டி, போலீஸ், இருட்டறை எல்லாம் இதே கணக்குத்தான். சோறு இறங்கும், கூடவே பயமும் இறங்கும். அழுகிற பிள்ளையிடம் கேள்வி கேட்காதீர்கள். குனிந்து அதன் உயரத்துக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "வலிச்சுட்டு, நான் இருக்கேன்" என்று சின்னதாகச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். புத்தி சொல்வதெல்லாம் மூச்சு சீராகி, உடம்பு தளர்ந்த பிறகு.

இனி வீடு. பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், டி.வி. ஓடிக்கொண்டே இருப்பது பல வீடுகளில் பழக்கமாகிவிட்டது. "பிள்ளை எங்க பார்க்கா, அவ பாட்டுக்கு விளையாடுதா" என்பார்கள். அமெரிக்காவில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒன்று, இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள் 50 பேரை ஒரு மணி நேரம் பொம்மைகளோடு விட்டு, அதில் அரை மணி நேரம் பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சியை ஓடவிட்டார்கள். பிள்ளைகள் திரையைப் பார்த்தது எப்போதாவது, சில நொடிகள்தான். ஆனாலும் ஒவ்வொரு விளையாட்டிலும் அவர்கள் நிலைத்திருந்த நேரம் குறைந்துபோனது. பெரியவர்கள் பிள்ளையோடு பேசுவதும் டி.வி. ஓடும்போது குறைகிறது என்று அடுத்து வந்த ஆய்வு காட்டியது. எனவே, பிள்ளை தரையில் விளையாடும் நேரம் டி.வி. அணைந்திருக்கட்டும். சீரியல் பார்ப்பதைக் குற்றம் என்று நாங்கள் சொல்லவில்லை; பிள்ளை தூங்கிய பிறகு பாருங்கள். கைபேசி இரண்டு வயது வரை வேண்டாம். இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்லும் அளவு இது. சோறு ஊட்டும்போதும் அழுகையை நிறுத்தவும் அதைக் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். பசியும் அழுகையும் வந்தால் ஆளிடம் போக வேண்டும் என்பதை மறக்கடித்து, திரையிடம் போக வேண்டும் என்று பழக்குகிறோம்.

கவனம் வளர வேறு என்ன வேண்டும்? பொம்மை நிறைய வேண்டாம். 16 பொம்மை கொடுத்தபோது விளையாடியதைவிட 4 பொம்மை கொடுத்தபோது பிள்ளைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள் என்று ஒன்றரை முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2018-இல் வந்தது. அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் ஒரு செட்டு வைத்திருந்தால் அதில் நாலை மட்டும் வெளியே வையுங்கள்; மற்றதைப் பெட்டியில் போட்டு வாரம் ஒரு முறை மாற்றுங்கள். வாய்க்குள் முழுசாகப் போகும் சின்ன உருப்படிகளை மூன்று வயது முடியும் வரை எடுத்துவிடுங்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதையே நீங்களும் பாருங்கள். தாய் தகப்பன் கண்ணும் பிள்ளையின் கண்ணும் ஒரே பொருளில் நின்றால், அவர்கள் கண்ணை எடுத்த பிறகும் பிள்ளையின் கண் அதில் நீடிக்கிறது. ஒரு வயதுக் குழந்தைகளிடம் கண்ணசைவுக் கருவி வைத்து அளந்து 2016-இல் சொன்ன முடிவு இது. "இந்தா இதைப் பாரு, அதைப் பாரு" என்று இழுப்பது எதிர்மாறான வேலை செய்யும். பிள்ளை கையில் இருப்பதன் பேரைச் சொல்லி, மனதுக்குள் ஐந்து வரை எண்ணி, அது பதிலுக்குச் சத்தமோ சைகையோ தரும் வரை பொறுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் இப்படிக் கிடைத்தாலும் பெரிது.

பத்து நிமிடம் எங்கே இருக்கிறது என்று முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கம் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தாய் சுளகை மடியில் வைத்தால் கையும் கண்ணும் அதிலேயே கட்டுண்டு கிடக்கும். கடையில் பீடியைக் கழித்துவிடுவார்களோ என்ற கவலை வேறு. அந்தத் தாயைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. செய்யக்கூடியதைச் சொல்கிறோம். பிள்ளையை முதுகுக்குப் பின்னால் விடாமல், எதிரில், கை எட்டாத தொலைவில் பாய் விரித்து உட்காரவையுங்கள். தலை நிமிர்ந்தாலே முகம் தெரிய வேண்டும். கை வேலையில் இருந்தாலும் வாய் சும்மாதான் இருக்கிறது. இலை வெட்டுவதை, தெருவில் போகும் ஆட்டை, அடுப்பில் கொதிக்கும் உலையைப் பேச்சாகச் சொல்லிக்கொண்டே இருங்கள். ஒரு கட்டு முடியும்போது நூலை வைத்துவிட்டு ஒரு நிமிடம் பிள்ளையைப் பார்த்துப் பேசிவிட்டு அடுத்த கட்டைத் தொடங்குங்கள். கட்டுக்கு ஒரு தரம் அம்மா திரும்பிப் பார்ப்பாள் என்று தெரிந்துவிட்டால் பிள்ளை இடையில் நச்சரிப்பது குறையும்.

ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள் இருக்கும் வளவு வீடுகளில் இன்னொரு வழி உண்டு. மூன்று பேர் பீடி சுற்றினால் ஒருவர் ஒரு மணி நேரம் மூன்று பிள்ளைகளையும் பார்க்கட்டும், மற்ற இருவரும் சுற்றட்டும், பிறகு மாறிக்கொள்ளுங்கள். எட்டு வயது அக்காளிடம் நாள் முழுக்க ஒப்படைப்பது இரண்டு பிள்ளைகளையும் கெடுக்கும். ஆச்சி இருக்கும் வீடு கொடுத்துவைத்த வீடு. ஆனால் ஆச்சிக்கும் மதியம் ஓய்வு வேண்டும்.

தூளைப் பற்றியும் சொல்ல வேண்டும். புகையிலையிலுள்ள நிகோட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும், தாய்ப்பாலிலும் இறங்கும். தவழும் பிள்ளை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். வயிற்றுப் பிள்ளைக்கு நிகோட்டின் போவதும் பிற்காலக் கவனக் கோளாறும் சேர்ந்து வருவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. தூங்கும் அறையில் பீடி சுற்றாதீர்கள். திண்ணையோ காற்றோட்டமுள்ள தாழ்வாரமோ நல்லது. தூளை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். சுற்றி முடித்ததும் வாரியலால் பெருக்கினால் தூள் பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். மேலே போட்டிருந்த துண்டை எடுத்துவிட்டு, சோப்பால் கை கழுவி, அதன்பிறகு பால் கொடுங்கள். 1966-இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் தொழிற்கூடங்களுக்குக் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. வீட்டில் சுற்றும் பெண்ணுக்கு அந்தக் காப்பகம் எட்டியதே இல்லை. பீடி சுற்றுவோர் நிறைந்த தெருக்களில் இரண்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குப் பகல் காப்பகம் வைப்பது அரசும் நிறுவனங்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. எங்கள் கோரிக்கைகளில் முதலாவது இதுதான்.

தூக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்படி ஒன்று, இரண்டு வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம், மூன்று, நான்கு வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம். காலை ஆறரைக்கு எழுப்பி வேனில் ஏற்ற வேண்டிய பிள்ளை இரவு எட்டரைக்குத் தூங்கியிருந்தால்தான் இரவில் பத்து மணி நேரமாவது கிடைக்கும். பத்தரைக்குத் தூங்கும் பிள்ளைக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம் கடன் சேர்கிறது. தூக்கம் போதாத பெரியவர் சோர்ந்து விழுவார். தூக்கம் போதாத பிள்ளை அதிகமாக ஓடும், எதற்கெடுத்தாலும் வெடிக்கும். அதனால் "களைப்பே இல்லை" என்று ஏமாந்துபோகிறோம். குளியல், சோறு, விளக்கைத் தணித்தல், ஒரு கதை அல்லது தாலாட்டு, தொட்டில் அல்லது பாய் என்று தினமும் ஒரே வரிசையை வையுங்கள். நேரம் கால்மணி முன்பின் ஆனாலும் வரிசை மாற வேண்டாம். பகல் தூக்கம் மூன்றரை மணிக்குள் முடியட்டும். சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி வீட்டுக்குள் விடும். மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் அறைச் சூடு தணியும். விடாமல் குறட்டை விட்டு, வாயைத் திறந்தபடி தூங்கும் பிள்ளைக்கு மூக்கின் பின்னால் சதை வளர்ந்திருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். குடித்துவிட்டு வந்து நடக்கும் ராத்திரிச் சண்டை பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாலும் அதன் உடம்பில் ஏறும். அடுத்த நாள் வகுப்பில் அந்தப் பிள்ளை கதவையே பார்த்துக்கொண்டிருந்தால் டீச்சர் அடிக்க வேண்டாம்.

கோயில் கொடை என்னும் ஊர்த் திருவிழாவைப் பற்றிப் பேசத் தயக்கமாகத்தான் இருக்கிறது. கொடை நம் ஊரின் உயிர். வில்லுப்பாட்டும் மேளமும் பிள்ளைகள் கேட்டு வளர வேண்டியவை. எங்கள் கவலை கூம்பு ஒலிபெருக்கியைப் பற்றி மட்டும். நியூயார்க்கில் உயரப் பாலத்து ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு பள்ளியில் ரயில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பில் மறுபக்கத்துப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருந்ததை 1975-இல் கண்டார்கள். தண்டவாளத்துக்கு ரப்பர் போட்டு, வகுப்புக் கூரைக்கு ஒலி தடுக்கும் பலகை வைத்த பிறகு அந்த வித்தியாசம் மறைந்தது. 1992-இல் மியூனிக் விமான நிலையத்தை இடம் மாற்றியபோது பழைய இடத்துப் பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் தேறின; புதிய இடத்துப் பிள்ளைகளுக்குச் சரிந்தன. இவர்கள் பள்ளி வயதுப் பிள்ளைகள். பேச்சையே அப்போதுதான் பிரித்துக் கேட்கப் பழகும் மூன்று வயதுக்கு இரைச்சல் இன்னும் அதிக இடைஞ்சல்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் அளவு. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது, விழாக் காலங்களுக்கு அரசு தரும் தளர்வு தவிர. கல்விக்கூடங்களைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாகலாம். அங்கன்வாடியையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். விழாக் குழுவினர் செய்ய வேண்டியது கடினமும் இல்லை. திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். அங்கன்வாடிச் சுவரிலிருந்து 10 மீட்டரில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியை 40 மீட்டருக்குத் தள்ளினால் 12 டெசிபல் குறைகிறது. குழாயின் வாயை வயல் பக்கம் திருப்புங்கள். பகல் 12 முதல் 3 வரை, பிள்ளைகள் தூங்கும் நேரம், நிறுத்திவையுங்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அங்கன்வாடிக்குள் வருவோம். முதல் வாரத்தில் நடக்கும் பெரிய தவறு, பிள்ளை வேறு பக்கம் பார்க்கும்போது அம்மா நழுவிப் போவது. ஒரு தடவை அப்படி நடந்தால் பிள்ளை நாள் முழுக்க வாசலைக் காவல் காக்கும். பாட்டு, கதை எதுவும் ஏறாது. முதல் மூன்று நாள் அம்மாவோ ஆச்சியோ உள்ளே உட்காரட்டும், நாலாம் நாள் அரை மணி வெளியே போய்த் திரும்பட்டும், போகும்போது முகத்தைப் பார்த்து, "சோறு சாப்பிட்டதும் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போகட்டும், சொன்னபடி வரட்டும். அழும், பரவாயில்லை. வாசலில் தினமும் ஒரே ஆள் கைபிடித்து அழைத்துக்கொள்வது நல்லது, அது டீச்சரோ உதவியாளரோ.

சுவர் நிறைய படம் ஒட்டுவதை எல்லோரும் மெச்சுகிறார்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் 24 மழலை வகுப்புப் பிள்ளைகளுக்கு, அலங்காரம் நிறைந்த அறையிலும் வெறுஞ்சுவர் அறையிலும் மாற்றி மாற்றிப் பாடம் நடத்தினார்கள். அலங்கார அறையில் கவனம் சிதறிய நேரம் 38.6 விழுக்காடு, வெற்று அறையில் 28.4. பாடக் கேள்விகளுக்குச் சரியான பதில் வெற்று அறையில் 55 விழுக்காடு, அலங்கார அறையில் 42. படத்தையெல்லாம் கிழிக்கச் சொல்லவில்லை. பிள்ளைகள் உட்காரும்போது கண்ணெதிரே வரும் சுவரை மட்டும் வெறுமையாக விட்டு, படங்களை முதுகுப் பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். கான்கிரீட் அறையில் எதிரொலி அதிகம். தரையில் கோரைப் பாய் விரித்து, ஒரு சுவரில் கனமான துணியையோ சாக்கையோ நாலு விரல் தள்ளித் தொங்கவிட்டால் எதிரொலி குறையும், டீச்சரும் கத்த வேண்டியிருக்காது.

அடிதடி அதிகம் நடப்பது கை கழுவும் வரிசையில். 25 பிள்ளைகளை ஒன்றாக நிறுத்தாமல் ஐந்து ஐந்தாக அனுப்புங்கள், மற்றவர்கள் பாட்டில் இருக்கட்டும். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது தினமும் அதே பாட்டு. மூன்று வயதுக்குப் பத்து நிமிடக் கதையே பெரிது. அந்த வயதில் பென்சிலைப் பிடித்து 'அ' எழுதவைப்பதைவிட மணலும் தண்ணீரும் ஊற்றி அளக்க விடுவது கவனத்துக்கு நல்ல பயிற்சி. தவிர, பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் கைபேசிச் செயலியில் பதிவேற்றம் செய்யும் கட்டாயத்தை டீச்சர்களிடமிருந்து எடுத்துவிட வேண்டும். முகத்தைப் பார்த்துப் பதில் தருவதுதான் அவர்கள் வேலையின் உயிர்.

உடம்பையும் சோதிக்காமல் விடக் கூடாது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள பிள்ளைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. இரும்புச் சத்து குறைந்த பிள்ளைக்குக் கவனமும் நிலைக்காது, எரிச்சலும் வரும். அரசு தரும் இரும்புச் சத்து சிரப் வாரம் இரண்டு முறை, முறைக்கு 1 மி.லி. "மலம் கறுப்பாப் போகுது" என்று பாதியில் நிறுத்துகிறார்கள், அது இயல்பு. காய்ச்சல் நாட்களில் மட்டும் தவிருங்கள். சாயா, காப்பியோடு கொடுத்தால் சத்து சேராது. முருங்கைக்கீரையோடு எலுமிச்சை பிழியுங்கள். ஈரல், நெத்திலி இன்னும் எளிதாகச் சேரும். கருப்பட்டியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை: ஒரு வயது முடிந்ததிலிருந்து இரண்டு வயது வரை அரை மாத்திரை, அதற்கு மேல் ஒன்று. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு முதலில் காதைப் பாருங்கள். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கட்டினால் காது மந்தமாகும். அதைத் திமிர் என்று அடிப்பது பெரும் அநியாயம்.

2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி ஊருக்குள் புகுந்ததை மறந்திருக்க மாட்டோம். அன்று கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு ஓடப்பட்ட பிள்ளைகள் இப்போது பள்ளி, அங்கன்வாடி வயதில் இருக்கிறார்கள். ஐப்பசியில் இடி இடித்தால் சிலர் மேசைக்கு அடியில் ஒடுங்கலாம். நினைவில் இல்லாததை உடம்பு வைத்திருக்கும். "இதுக்குப் போய் பயப்படுதியா" என்று சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, "மழை பெய்யுது, நாம உள்ள இருக்கோம், அப்பா ஆறு மணிக்கு வருவா" என்று நடக்கப்போவதைச் சொல்லுங்கள். பழைய வெள்ளக் காட்சிகளைப் பிள்ளை முன் ஓடவிட வேண்டாம்.

இத்தனையும் செய்து இரண்டு மூன்று மாதமாகியும் மாற்றமில்லை என்றாலோ, பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, வந்த பேச்சு நின்றுபோனது என்றாலோ தாமதிக்காதீர்கள். பின்னால் சொன்ன மூன்றில் எது இருந்தாலும் இரண்டு மாதம் காத்திருக்கவும் வேண்டாம். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் சொன்னால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். சோதனையும் சிகிச்சையும் இலவசம். வீட்டில் பிள்ளைக்கு அடி, துன்புறுத்தல் என்றால் 1098. தாய்க்கு என்றால் 181. பெரியவர்களின் மனச்சோர்வுக்கு 14416. தாயின் சோர்வைக் கவனிக்காமல் பிள்ளையின் பதற்றத்தை மட்டும் இறக்க முடியாது; பிரசவமான முதல் வருடத்தில் தூக்கமின்மை, அழுகை, எதிலும் பிடிப்பின்மை இரண்டு வாரத்தைத் தாண்டினால் கிராம சுகாதாரச் செவிலியரிடமே பேச்சைத் தொடங்கலாம்.

அடுத்த கிராம சபையில் உங்கள் ஊர் அங்கன்வாடிக்காக மூன்று தீர்மானங்களைக் கேளுங்கள்: கொடை நாட்களில் ஒலிபெருக்கி 40 மீட்டருக்கு அப்பால், மதியம் பிள்ளைகள் தூங்கப் பாயும் மின்விசிறியும், பீடித் தெருக்களில் பகல் காப்பகத்துக்கு ஓர் அறை.

இப்படிக்கு,
குழந்தை வளர்ச்சி, செவிலியம், முன்பருவக் கல்விப் பணியாளர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.